ரங்கூன் புவே (பர்மாவோட விடிய விடிய நடக்கிற கூத்து): ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எனக்கு தேவகோட்டை பக்கம். போன மாசம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில நூல் கட்டின மரப்பொம்மை பாத்தேன். வெள்ளை முகம், கிரீடம், ஜிகினா வச்ச உடுப்பு. பர்மா சாமான், ராமர் பொம்மைன்னார் கடைக்காரர். எங்க ஐயா ரங்கூன்ல பெட்டியடியில, அதாவது செட்டியார் வட்டிக்கடையில இருந்தவர், அங்க விடிய விடிய ராமாயணக் கூத்து நடக்கும்னு அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அப்போ அது நம்ம செட்டியார்கள் கொண்டு போனதுதானே? கம்பர் பர்மா வரைக்கும் போயிட்டார்னு எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் பெருமையா போட்டிருந்தார். இதைப் பத்தி எழுதுங்களேன். இப்பவும் அந்தக் கூத்து நடக்குதா?

வாசகர், தேவகோட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

பொம்மையை நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா வெள்ளை முகம்னா ராமரா இருக்க வாய்ப்பு கம்மி, அந்தப் பக்கத்து மரபுல ராமருக்குப் பச்சை முகம். ஏதோ ஒரு இளவரசன் பொம்மையா இருக்கும். புடிச்சிருந்தா வாங்குங்க, ராமர்னு சொல்லி விலையை ஏத்தினா மட்டும் பேரம் பேசுங்க.

இப்ப குரூப் பெருமைக்கு வருவோம். செட்டியார்கள் பர்மாவுக்குக் கூட்டமா போனது 1852 யுத்தத்துல கீழ் பர்மா இங்கிலீஷ்காரன் கைக்குப் போன பிறகு, அதுலயும் சூயஸ் கால்வாய் திறந்து அரிசி வியாபாரம் சூடு பிடிச்ச அப்புறம்தான். ராமாயணம் அங்க மேடை ஏறினது அதுக்கு எவ்வளவோ முன்னாடி. 1767-ல பர்மா ராஜா ஸின்பியூஷினோட படை சயாம் (இன்னிக்குத் தாய்லாந்து) தலைநகர் அயுத்தியாவைப் பிடிச்சு எரிச்சுது. கைதியா கூட்டிட்டு வந்த ஜனங்கள்ல ஆட்டக்காரங்க, வாத்தியக்காரங்க, பாட்டுக்காரங்க எல்லாம் இருந்தாங்க, அவங்க மூலமாத்தான் முகமூடி போட்டு ஆடுற ராமர் கதை அப்போ பர்மா தலைநகரா இருந்த ஆவா அரண்மனைக்குள்ள வந்தது. கம்பரும் இல்ல செட்டியாரும் இல்ல, சயாம் வழி. அங்க ராமர் யாமா, சீதை தீடா.

அதுக்காக நமக்கும் அந்த ஊருக்கும் பழைய ஒட்டே கிடையாதுன்னு ஆயிடாது. பர்மாவோட பழைய தலைநகர் பகான்ல 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, கேரளக் கரையில இருந்த மகோதயர்பட்டினத்துலேர்ந்து போன ஒரு வணிகர் நானாதேசி விண்ணகரம்ங்கிற பெருமாள் கோவிலுக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் குடுத்ததைச் சொல்லுது, மேல குலசேகராழ்வாரோட முகுந்தமாலை சுலோகம் வேற. கோவில் போயிருக்கு, வியாபாரி போயிருக்கார், ஆனா அந்த மேடை ராமரை அனுப்பினது நாம இல்ல. வந்ததை வாங்கி அவங்க என்ன பண்ணாங்கங்கிறதுதான் எனக்கு சுவாரஸ்யம், நம்மாளுங்க அந்த இடத்துக்கே வர மாட்டேங்கிறாங்க, எங்கிருந்து போச்சுன்னு தெரிஞ்சதும் மூடி வச்சிடுறாங்க.

பொம்மலாட்டத்தையே எடுத்துக்குங்க. அங்க அது சின்னப் பசங்க விளையாட்டு இல்ல. 18ஆம் நூற்றாண்டு கடைசியில கூத்து, ஆட்டத்தையெல்லாம் கவனிக்கிறதுக்குன்னே அரண்மனையில ஒரு மந்திரி இருந்தார். ஒரு செட்டுக்கு 28 பொம்மைன்னு கணக்கு: குதிரை, குரங்கு, அரக்கன், ரசவாதி, ராஜா, மந்திரி, இளவரசன், இளவரசி இப்படி. மனுஷன் உசந்த மேடையில ஏறி நின்னா கீழ உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கு அவமரியாதை, அதனால ஆட்டக்காரங்க தரையிலதான் ஆடணும். பொம்மைக்கு அந்தத் தடை இல்ல. பொம்மைக்கு மேடை கிடைச்சுது, மனுஷனுக்கு மண்ணு. ராஜா காதுல போடவேண்டிய குறையைக் கூட பொம்மை வாயில வச்சுச் சொல்லிட்டாங்கன்னு சொல்றாங்க. பர்மாக்காரி ஆடும்போது முழங்கையும் மணிக்கட்டும் வெட்டி வெட்டி நிக்கும் பாருங்க, அது பொம்மையைப் பாத்து மனுஷங்க கத்துக்கிட்டதுன்னு அங்க ரொம்பப் பேர் சொல்வாங்க.

நாடகம் எழுதினவங்கள்ல ஊ பொன்ஞான்னு ஒருத்தர், 19ஆம் நூற்றாண்டுல பர்மாவை ஆண்ட மிண்டோன் ராஜா காலத்துக்காரர். அவர் நாடகம் ஒண்ணுல ஒரு தண்ணி விக்கிறவன் ராஜாவுக்குச் சமமா உசந்துடறான், ஒருநாள் தூங்கிட்டிருக்கிற ராஜாவைப் போட்டுத் தள்ளிட்டா முழு நாடும் நமக்கேன்னு மனசுல ஓடுது, அப்புறம் அவனே பயந்துபோய் ஒப்புக்கிட்டு எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடறான். புத்த ஜாதகக் கதைதான், ஆனா அரண்மனையில இளவரசனுங்க கத்தியைத் தீட்டிட்டிருந்த நேரம் அது, கேட்டவங்களுக்குப் புரியாமலா இருக்கும். 1866-ல நிஜமாவே இளவரசர்கள் கலகம் வந்தது, அந்த விவகாரத்துல இவரையும் சேத்துக் கொன்னுட்டாங்க. என்னைக் கேட்டா அந்த நாட்டு நாடக சரித்திரத்துல இந்த மனுஷன் ஒருத்தர் போதும்.

1885-ல பர்மாவோட கடைசி ராஜா தீபாவை இங்கிலீஷ்காரன் ரத்னகிரிக்குக் கப்பல் ஏத்தினான், ஆதரிக்க அரண்மனை இல்லாமப் போச்சு. கலை அதோட செத்துப் போகல, ஊர் ஊராப் போச்சு. போ செய்ன்னு ஒரு நடிகர் தரையில ஆடினவங்களை மேடை ஏத்தி, விளக்கு திரையெல்லாம் வச்சு ஸ்டார் ஆனார். உங்க ஐயா பாத்திருந்தா இந்தப் பாணி ஆட்டத்தைத்தான் பாத்திருப்பார், புவேன்னு சொல்வாங்க. பகோடா திருவிழா, பையனைத் துறவுக்கு அனுப்புறது, பொண்ணுக்குக் காது குத்துன்னு எதுக்கும் புவே உண்டு, வீட்டுக்காரர் செலவு பண்ணா ஊரே பாய் விரிச்சு உக்காந்துடும். தொடக்கத்துல நாட்ங்கிற காவல் தெய்வத்துக்கு ஒரு ஆட்டம், அப்புறம் புதுக்கால நாடகம், நடுவுல காமெடியன்கள் வம்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஜோடியா ஆடுற ஆட்டம், விடியற நேரத்துக்குத்தான் பழைய கதை. நம்ம பக்கத்து வள்ளி திருமணத்துல பபூன் டான்ஸ் முடிஞ்சு தர்க்கம் சூடு பிடிக்கிறதுக்குள்ள முக்கால் ராத்திரி ஓடிடும்ல, அதே உடம்புதான். யாரும் யார்கிட்டயும் வாங்கல, விடிய விடிய ஜனங்களை எழுப்பி உக்கார வைக்கணும்னா இப்படித்தான் கட்டணும் போல. வாத்தியத்துலயும் ஒண்ணு இருக்கு: 21 மேளத்தை வட்டமா கட்டித் தொங்கவிட்டு நடுவுல ஒருத்தர் உக்காந்து வாசிப்பார், சுதி சேக்க மேளத்துமேல சோறும் சாம்பலும் பிசைஞ்சு அப்புவாங்க. மிருதங்கத் தொப்பிக்கு ரவை அப்புறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனா நம்ம வீடுகள்ல புவே கதை ஏன் இவ்வளவு கம்மி? மூணு வருஷக் கணக்குக்குப் போன ஆம்பளைங்க, குடும்பம் ஊர்ல, கிட்டங்கியிலயே (கடையும் தங்குற இடமும் சேந்த கட்டடம்) சாப்பாடு தூக்கம், பொழுது போனா முருகன் கோவில். 1930-ல அரிசி விலை விழுந்தப்புறம் இன்னும் மோசம்: கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டத்துல செட்டியார் கைல இருந்த நிலம் 100-க்கு 6-லேர்ந்து 25 ஆச்சு. கடன் குடுத்தவனை ஊர்க்காரன் திருவிழாவுல எந்த முகத்தோட வரவேற்பான்? தேக்குத் தூண் வந்துடுச்சு, மரவைப் பாத்திரம் வந்துடுச்சு, பாட்டு வரல. 1942-ல ஜப்பான் படை வந்தப்போ ஓட்டமும் நடையுமா கிளம்பினவங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கணும்னு எதிர்பாக்கிறதும் நியாயமில்ல.

கடைசிக் கேள்வி, இப்பவும் நடக்குதான்னு. முழுசா அழியல, ஆனா காமெடியன்களுக்குத்தான் அடி. மாண்டலேயில மீசை சகோதரர்கள்னு ஒரு குழு. 1996 ஜனவரியில ஆங் சான் சூச்சி வீட்டு வளாகத்துல ராணுவத்தைக் கிண்டல் பண்ணி ஆடினதுக்குப் பார் பார் லேங்கிறவருக்கு ஏழு வருஷ ஜெயில் போட்டாங்க. வெளிய வந்தப்புறம் ஊர் ஜனங்களுக்கு ஆடக்கூடாதுன்னாங்க. அவங்க வீட்டு முன்னறையிலயே பிளாஸ்டிக் சேர் போட்டு, வந்த டூரிஸ்டுக்கு இங்கிலீஷ்ல அதே ஜோக்கைச் சொல்லிட்டிருந்தாங்க. அவர் 2013-ல இறந்துட்டார்.