கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நர்சிங்: நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

உங்கள் மகளுக்குக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நல்லது. நீங்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாமே மதத்தைப் பற்றியவை. பூசைக்குப் போயே ஆக வேண்டுமா, மதம் மாறச் சொல்வார்களா, வேறு மதத்துப் பிள்ளையை ஒதுக்கிவைப்பார்களா. பயம் நியாயமானதுதான். அதை முதலில் முடித்துவிடுவோம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை.

1990இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென ஓர் ஆவணம் வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் செயல்பாடுகளில் திருச்சபையின் போதனை வெளிப்பட வேண்டும் என்றும், அதே சமயம் ஒவ்வொருவருடைய மனச்சாட்சியின் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. வளாகத்தில் சிற்றாலயம் இருக்கும், திருப்பலி, அதாவது பூசை, நடக்கும். போவதும் போகாததும் பொதுவாக மாணவர் விருப்பம். விடுதி விதிகள் மட்டும் சில இடங்களில் கொஞ்சம் கறாராக இருக்கும், அதைத் தனியாக வாங்கிப் படியுங்கள். இறையியல், தத்துவம், அறவியல் என்று சில பாடங்கள் பல இடங்களில் கட்டாயம். அந்த மதிப்பெண்ணும் மொத்த மதிப்பெண்ணில் சேரும், ‘சும்மா ஒரு பாடம்’ என்று மகள் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

சரி, கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். கிளினிக்கல் பயிற்சி எந்த மருத்துவமனையில்?

நர்சிங்கில் பாதிப் படிப்பு வார்டில்தான். கத்தோலிக்க மருத்துவமனைகள் தங்கள் திருச்சபை விதிகளின்படி கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை, செயற்கைக் கருத்தரிப்பு போன்றவற்றைச் செய்வதில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே ஆயர்கள் (பிஷப்புகள்) பேரவை வகுத்த நெறிமுறைத் தொகுப்பு இருக்கிறது, அந்த மருத்துவமனைகள் அதைப் பின்பற்றியாக வேண்டும். மகளின் போஸ்டிங் முழுக்க அப்படிப்பட்ட மருத்துவமனைகளிலேயே அமைந்தால், பெண்கள் நலப் பிரிவில் சில வேலைகளை அவள் நேரில் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம். நாளை வேறொரு மருத்துவமனையில் வேலைக்குச் சேரும்போது, கருத்தடை முறைகளை நோயாளிக்கு விளக்கச் சொன்னால் தடுமாறக் கூடாது. நர்ஸாகப் பதிவு பெற லைசென்ஸ் தேர்வு வைக்கும் நாடுகளில் அதற்கும் அந்தப் பாடம் தேவைப்படும். நிறைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசு மருத்துவமனைகளுக்கும் மற்ற தனியார் மருத்துவமனைகளுக்கும் மாணவர்களை அனுப்புகின்றன, அப்படியென்றால் கவலை இல்லை. எந்தெந்த மருத்துவமனை, எந்தெந்தப் பிரிவு, எத்தனை வாரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையில் “எல்லா இடத்துக்கும் அனுப்புவோம்” என்பார்கள், அது போதாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மரணப் படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பதில் கத்தோலிக்கர்களுடைய மரபு ஆழமானது. 1633இல் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரிலாக்கும் பிரான்ஸில் தொடங்கிய அருட்சகோதரிகள் சபை, ஏழை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தது. அந்த வழியில் வந்தவர்கள் தொடங்கிய மருத்துவமனைகளும் நர்சிங் பள்ளிகளும் பல நாடுகளில் இருக்கின்றன. திருச்சபை என்றால் எந்த நிலையிலும் உயிர்காக்கும் இயந்திரத்தை நிறுத்த விடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. அளவுக்கு மீறிய சிகிச்சையைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1957இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடம் பேசியிருக்கிறார். வலியைக் குறைப்பதே நோக்கம் என்றால், ஆயுள் சற்றுக் குறைய வாய்ப்பிருந்தாலும் மருந்து கொடுக்கலாம் என்பதும் அதே ஆண்டு அவர் சொன்னதுதான். கருணைக்கொலைக்கு மட்டும் இடமில்லை. இருபது வயதில் முதல் மரணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிற பிள்ளைக்கு, இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க வைக்கும் வகுப்பு இருப்பது நல்லது என்பேன். அவள் எந்த மதமானாலும் சரி.

அப்புறம் அங்கீகாரம். பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மகள் வேலை பார்க்க நினைக்கும் நாட்டின் நர்சிங் கவுன்சில் அந்தப் படிப்பை ஏற்றால்தான் பதிவு கிடைக்கும். பயிற்சி நேரம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும், அதில் பாதியாவது நோயாளிகளிடையே. ஆஸ்திரேலியாவில் கிளினிக்கல் பயிற்சிக்கான குறைந்தபட்சம் 800 மணி நேரம்தான். ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கை இப்போதே பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் செய்தாள் என்ற பதிவேட்டை மகள் முதல் நாளிலிருந்தே வைத்திருக்கட்டும், பின்னால் கல்லூரி அலுவலகத்தைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

உதவித்தொகை தருகிறோம் என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடம் எங்கள் மருத்துவமனையில்தான் வேலை என்று பத்திரம் இருக்கிறதா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அசல் சான்றிதழை அவர்கள் வைத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். ‘சேவை மனப்பான்மை’ என்று நிறையப் பேசும் இடமாக இருந்தால் இதை இன்னும் உறுதியாகக் கேளுங்கள். நர்ஸ் என்பவர் மருந்தின் அளவைக் கணக்கிட்டு, தவறினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய தொழில்காரர். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் ஓய்வும் சேர வேண்டும்.

சேர்வதற்கு முன் மகளை ஒருநாள் இறுதியாண்டு மாணவிகளிடம் தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் கூட நிற்க வேண்டாம். வார்டில் ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவர்கள், இரவு டியூட்டி எந்த ஆண்டில் தொடங்குகிறது, லைசென்ஸ் தேர்வில் முதல் முறையே எத்தனை பேர் தேறினார்கள் என்று அவர்களிடம் கேட்கட்டும். பூசை விஷயத்தையும் அப்போதே கேட்டுவிடலாம்.