கிறிஸ்தவ மிஷன் பணியில் பெண்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? மிஷனரிகளின் மனைவிகள் என்பதற்கு மேல் ஏதாவது உண்டா?

நிறையவே உண்டு. திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கம் மணமாகாத பெண்களை முறைப்படி ஊழியத்துக்கு எடுக்கத் தொடங்கியது 1875-இல்தான். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த மனைவிகளுக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் தென் திருவிதாங்கூரில் பெண்கள் பள்ளி நிலைத்தது அவர்களால்தான்.

1819-இல் நாகர்கோவில் வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் வேலைக்குப் போகிற பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்குக் கூலி நட்டம். இந்த முடிச்சை அவிழ்த்தது ரேந்தை, அதாவது லேஸ் பின்னல்.

வைக்கோல் இறுக அடைத்த தலையணை, துளையிட்ட அட்டை, குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள்: கருவி அவ்வளவுதான். கட்டைகள் ஜோடி ஜோடியாகவே நகரும். இரண்டு ஜோடியை எடுத்து நடு நூல்களைக் குறுக்கே மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் முறுக்க வேண்டும். அடிப்படை அசைவுகள் இவ்விரண்டே. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி குத்தி நூலை நிறுத்துவார்கள். தலையணை தொளதொளத்தால் ஊசி சாயும், ஓரம் கோணலாகும். ஊசியை அவசரப்பட்டு உருவினால் பூ குலையும். கடலோரப் புழுக்கத்தில் இரும்பூசி துருப்பிடித்து வெள்ளை நூலைக் கறையாக்கும், ஆகவே பித்தளை ஊசிதான் சரி. ஒரு முறுக்கு விட்டுப்போனால் அதுவரை பிரித்துத்தான் ஆக வேண்டும். கவனமும் எண்ணிக்கையும் தானாகப் படியும்.

பின்னியதை ஐரோப்பியர்கள் வாங்கினார்கள். அந்தப் பணம் பள்ளியை நடத்தியது, பின்னியவர்களுக்குக் கூலியும் ஆனது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். அதுவும் சட்டம் விடுவிக்கும் முன்பே; திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான்! எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பெண்கள் வாங்கிய விடுதலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனார். தமிழ் அவருக்குச் சிறுவயதிலிருந்தே நன்றாக வரும். அங்கேயும் பெண்கள் பள்ளியும் ரேந்தையும் சேர்ந்தே வளர்ந்தன.

வெளிநாட்டுப் பெண்களோடு கணக்கை நிறுத்திவிடக் கூடாது. இத்தகைய பள்ளிகளில் படித்த உள்ளூர்ப் பெண்களே ஆசிரியைகளும் பைபிள் பெண்களும் ஆனார்கள். ஆண் ஊழியர் நுழைய முடியாத வீட்டின் உள்கட்டுக்குள் போய், எழுத்துக் கற்பித்து, வேதம் வாசித்தவர்கள் அவர்களே. அவர்களில் பலருடைய பெயர் நம்மிடம் இல்லை.