சத்தமில்லாத அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 22 வயது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ரசாயனப் பொறியியல் முடித்துவிட்டேன். ஜெர்மனியில், மாக்டெபுர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்கும். என் அப்பாவும் அம்மாவும் இட்லி வியாபாரம் செய்கிறார்கள். இதுவரை ஓர் இரவுகூட நான் தனியாக ஓர் அறையில் தூங்கியதில்லை. அதிகாலை மூன்று மணிக்குச் சட்னி அரைக்கும் கிரைண்டர் ஓடத் தொடங்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள். பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தப் போனபோது கை நடுங்கியது. மடிக்கணினியை மூடிவிட்டேன். போகலாமா, வேண்டாமா?

— பெயர் வேண்டாம், 90 அடி சாலை, தாராவி, மும்பை

(நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நான்கு பக்கத்தில் 'பயம்' என்ற சொல் பதினேழு இடத்தில் வருகிறது. ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, அது யாருடைய பயம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். அத்தையுடையது நான்கு. அப்பாவுடையது மூன்று. எதிர்வீட்டு மாமாவுடையது இரண்டு. கல்லூரித் தோழியுடையது ஒன்று. மீதி ஏழுதான் உன்னுடையது.

ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூட இயற்பியல் பாடம்தான் நினைவுக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும். ஓட்டோ ஃபான் குவெரிக்கே அந்த ஊரின் மேயராக இருந்தவர். இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். பிரியவில்லை. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது. உள்ளே காற்றை விட்டதும் சாதாரணமாகப் பிரிந்துவிட்டன. நீ சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான். உன் பதினேழில் பத்து வெளிக்காற்று, மகளே.

அதற்காக அந்தப் பத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. அத்தை உனக்கு அனுப்பிய வீடியோ பொய்யானது அல்ல. 2024 டிசம்பர் 20 அன்று அந்த ஊர்க் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஓட்டினான். ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளிநாட்டு முகம் கொண்டவர்களைத் திட்டினார்கள், தாக்கினார்கள் என்றும் செய்திகள் வந்தன. இதை அத்தையிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே. இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கும் இந்தியப் பெண்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடி. "பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி பத்து மணிக்கு டிராமில் தனியாக வருவீர்களா? எந்தப் பக்கம் போக மாட்டீர்கள்?" என்று கேள். சயான் ஸ்டேஷனிலிருந்து இரவில் வீட்டுக்கு எந்த வழியாக வர வேண்டும், எந்த வழியாக வரக் கூடாது என்று உனக்குத் தெரியுமல்லவா? அந்த மாதிரிப் பதில் வேண்டும்.

இனி உன்னுடைய ஏழு.

அதில் இரண்டு அம்மாவைப் பற்றியவை. நீ போய்விட்டால் மூன்று மணிக்குத் தேங்காய் துருவுவது யார், இட்லிக் கொப்பரையில் தட்டு ஏற்றுவது யார் என்று எழுதியிருக்கிறாய். இது பயமே இல்லை, வேலைக் கணக்கு. அதே பக்கத்தில், போகிறபோக்கில், தம்பி ஏழு மணி வரை தூங்குகிறான் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. தேங்காய் துருவுவதற்கு ஆண், பெண் என்ற தகுதி எதுவும் தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் அவனை எழுப்பு. நீ கிளம்புவதற்குள் அவன் கை பழகிவிட வேண்டும்.

பணம் பற்றியவை இரண்டு. இங்கே நான் உன் பக்கம். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறாய். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்று ஏஜெண்ட் சொன்னது உண்மை. (எல்லா இடத்திலும் அப்படி அல்ல, பாடென்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.) ஆனால் விசாவுக்கு முன் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று ஒரு கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். 'நம் பணம்தானே, திரும்பி வருகிறதே' என்று ஏஜெண்ட் தேன் தடவிச் சொல்லியிருப்பார். வரும், வாடகையாகவும், மருத்துவக் காப்பீடாகவும், ரொட்டியாகவும் போய்விடும். உன் படிப்போ இரண்டு வருடம். முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்துக் கிளம்பி, இரண்டாம் வருடம் விசாவை நீட்டிக்கப் பணம் காட்ட முடியாமல் தவித்து எனக்குக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பது சட்டம். சட்டம் அனுமதி தரும், வேலை தராது. ஜெர்மன் மொழி தெரியாதவளுக்கு முதல் ஆறு மாதம் ஒன்றும் கிடைக்காது என்றே கணக்குப் போடு.

அப்பா வள்ளியூர் மனையை அடகு வைக்கத் தயார் என்கிறார். நல்ல அப்பா. நீ ஒரு தாளில் இப்படி எழுதிப் பார். கடன் 15 லட்சம், வட்டி பத்து சதவீதம், பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 20,000 ரூபாய். படிக்கும் காலத்தில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். படிப்பு முடிந்தபின் அங்கே வேலை தேட 18 மாதம் தங்கலாம். கிடைக்கவில்லை, திரும்பி வந்து தானேயிலோ டோம்பிவிலியிலோ ஒரு ரசாயன ஆலையில் சேர்கிறாய் என்று வைத்துக்கொள். அந்தச் சம்பளத்தில் இந்த 20,000 போனபின் கையில் ஏதாவது நிற்குமா? நிற்கும் என்றால் மனையை வைக்கலாம். நிற்காது என்றால் கடனைக் குறைக்க வழி பார். உன் ஊரிலேயே ஜே.என்.டாட்டா அறக்கட்டளை இருக்கிறது. 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. அடுத்து எப்போது விண்ணப்பிக்கலாம் என்று இன்றே பார். இந்தத் தாளை அப்பாவோடு உட்கார்ந்து எழுது. இருபது வருடமாக இட்லிக்குக் கணக்குப் பார்த்தவர், உன் ஏஜெண்டைவிட நன்றாகப் பார்ப்பார்.

அடுத்தது: 'வகுப்பில் எழுந்து பேச வராது.' மும்பையில் பிறந்த உனக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பஸ்ஸில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம். என் கதை வேறு. நான் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது எனக்கு ஹிந்தியில் எண்கூடத் தெரியாது. மாட்டுங்கா சந்தையில் காய்கறியைக் கையால் காட்டிக் காட்டி வாங்கினேன். பேரம் பேசத் தெரியாது. முதல் மாதம் முழுக்கத் தக்காளிதான். அந்தக் கடைக்காரி மட்டும் விரலால் விலை சொன்னாள். நீ என்னைப்போல் போக வேண்டியதில்லை. காலா கோடாவில் ஜெர்மன் மொழி சொல்லித்தரும் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. அக்டோபருக்குள் ஏ-1 என்ற தொடக்க நிலையையாவது முடித்துவிடு. பாடம் ஆங்கிலத்தில்தான், சரி. ஆனால் போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்று யாரும் உறுதி தரவில்லை.

ஆறாவது பயத்தை நீ சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். 'முடியாமல் பாதியில் திரும்பி வந்தால் தெருவே சிரிக்கும்.' உன் தெருவில் யார் படம் மாட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பார். அம்பேத்கர் 1917-இல் லண்டனிலிருந்து பாதிப் படிப்பில் திரும்பியவர். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. வந்து இதே மும்பையில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தினார். பரேலில் 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பில் குடியிருந்தார். பணம் சேர்த்து, போதாததற்குக் கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும் ஒரு நண்பரின் கடனும் பெற்று 1920-இல் மறுபடி கப்பல் ஏறினார். 1923-இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது. அவர் திரும்பி வந்த மூன்று வருடமும் தெருவில் யாராவது சிரித்திருக்கலாம். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ஏழாவது, அந்த அறை.

உன் கடிதத்திலேயே உண்மையான வரி அதுதான். மூன்று மணிக்குக் கிரைண்டர், ஸ்டவ்வின் இரைச்சல், கொப்பரை மூடியைத் திறக்கும்போது வரும் ஆவி, அப்பா சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டும் கயிற்றுச் சத்தம். ஐந்து பேர் மூச்சு விடும் ஓர் அறையில் 22 வருடம் தூங்கிவிட்டு, நான்கு சுவரும் ஒரு ஜன்னலும் இருக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டுவார். (உன் அம்மாவின் கிரைண்டர் அங்கே ஓடினால் போலீஸே வந்துவிடும்.) இதை 'அதெல்லாம் பழகிவிடும்' என்று சொல்லித் தள்ளும் ஆட்கள் தனியாக இருந்து பார்த்தவர்கள் இல்லை. முதல் மாதங்கள் கடினம்தான்.

ஆனால் இது சோதித்துப் பார்க்க முடிந்த பயம். சித்தியின் பன்வேல் ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சாவியை வாங்கு. ஐந்து இரவு தனியாக இரு. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஃபோன். நீயே சமைத்து, நீயே சாப்பிட்டு, நீயே பாத்திரம் கழுவு. முதல் இரவு தூக்கம் வராது. இரண்டாம் இரவு அழுகை வரலாம். மூன்றாம் இரவு எப்படி இருக்கிறது என்று கவனி. சலித்துப்போய்ப் புத்தகத்தை எடுத்தாயானால் நீ தேறிவிட்டாய். அப்படி இல்லாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, நாள் கணக்கில் சாப்பாடு இறங்காமல் போனால் அது மனஉறுதியால் தாங்க வேண்டிய விஷயம் இல்லை. மருத்துவரைப் பார். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த வருடம் போகலாம். ஆனால் இடத்தை உனக்காகப் பெரும்பாலும் பிடித்து வைக்க மாட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

போகலாமா, வேண்டாமா என்று கேட்டாய். என் பதில், போ. காரணம் உன் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கீழிருந்து காற்றை ஊதினால் மணல்துகள்கள் மிதந்து, தண்ணீர் மாதிரியே கொதித்துப் புரளும் ஒரு கலனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லை. எனக்கு அது பாதிக்கு மேல் புரியவும் இல்லை. அந்த அரைப் பக்கத்தில் என் பென்சில் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. அந்தக் கலனைக் கல்லூரியில் முதன்முதலில் ஓட்டிய நாளன்று உன் கை நடுங்கியதா என்று யோசித்துப் பார். அப்போதும் நடுங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீ அணைக்காமல் ஓட்டியிருக்கிறாய்.

பொத்தானை அழுத்தும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவை, மடிக்கணினியை மூட விடாமல் பார்த்துக்கொள்ள. அவனுக்கும் ஒரு வேலை வேண்டும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் அங்கே இரவு பத்தரை மணி ஆகும்போது தாராவியில் அதிகாலை மூன்று. நீ விளக்கை அணைக்கும் நேரத்தில்தான் வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கும். அம்மாவை அழைத்து, ஃபோனை அந்த மேடைமேல் வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கச் சொல். பேச வேண்டாம். நீ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தூங்கு.