டெர்மினியில் இறங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் ரோமுக்குப் படிக்க வருகிறேன், டெர்மினி ஸ்டேஷன் பக்கம் ஆறு பேர் தங்கும் வீட்டில் ஒரு கட்டில் கிடைக்கிறது, எடுக்கலாமா, பகுதிநேர வேலை கிடைக்குமா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறாய். வேலையைப் பற்றி இங்கே படிக்கும் பையன்கள் சொல்வார்கள். பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டுக்கு மட்டும் வந்து இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் விண்ணப்பம் போட்டுவிடு. எனக்குச் சொல்ல வேண்டியது அந்த வீட்டைப் பற்றித்தான்.

முன்பணம் கொடுக்கும் முன் குளியலறையைப் பார். பாய்லர் எத்தனை லிட்டர் என்று கேள். நான் 2009 ஜனவரியில் வந்தபோது ஏழு பேருக்கு ஒரே குளியலறை, 50 லிட்டர் பாய்லர். ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு வருவேன், குழாயைத் திறந்தால் கை மரத்துப்போகும். உள்வாடகைக்கு விட்டவர் நம் ஊர்க்காரர்தான். கரண்ட் பில் ஏறுகிறது என்று பத்து மணிக்கே பாய்லரை அணைத்துவிடுவார். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நம்மவர் வீடு என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் ஒரு யூரோகூடக் கொடுக்காதே.

அந்த மாதம் ஒரு ஞாயிறு, குளிருக்கு ஒதுங்க ஸ்டேஷன் எதிரே இருந்த ஒரு செங்கல் சர்ச்சுக்குள் போனேன். வெளியே இடிந்த சுவர், உள்ளே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், ஒரே கல்லில் செதுக்கிய சிவப்பு கிரானைட் தூண்கள். அது சர்ச்சாகக் கட்டியது இல்லை, குளிக்கும் இடம் என்று அப்புறம்தான் தெரிந்தது! டயோக்ளீஷியன் பேரரசர் பெயரில் 306 வாக்கில் திறந்த குளியல் மாளிகை அது, முப்பது ஏக்கருக்கு மேல். அதன் குளிர்நீர் மண்டபத்தைத்தான் 1560களில் மைக்கேலாஞ்சலோ சர்ச்சாக மாற்றினார். டெர்மினி என்ற பெயரே 'தெர்மே', அதாவது குளியல் மாளிகை என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஏழு பேருக்கு 50 லிட்டர் இருந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். அந்தக் காலத்தில் சாதாரண ஆள்கூட மதியத்தோடு வேலையை முடித்துவிட்டு, சின்னக் காசு ஒன்றைக் கொடுத்து உள்ளே போவான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு விளையாடி வியர்ப்பான், வளைந்த உலோகக் கரண்டி மாதிரி ஒன்றால் எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்து வழிப்பான். சீயக்காய் ஒன்றுதான் இல்லை. வெதுவெதுப்பான அறை, சூடான அறை, கடைசியில் குளிர்ந்த நீர்த்தொட்டி. தரையைச் சின்னச் செங்கல் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் அடுப்பின் சூட்டை ஓடவிட்டிருப்பார்கள், சுவருக்குள்ளும் அதே சூடு ஏறும். அந்த அடுப்புக்கு விறகு தள்ளியவர்கள் அடிமைகள். ரோமிலேயே இருக்கும் இன்னொரு குளியல் மாளிகையான கரகல்லாவில் அவர்கள் நடமாடிய சுரங்கப்பாதைகள் இன்னும் இருக்கின்றன. சமையலறையில் நின்றவன் என்பதாலோ என்னவோ, எனக்கு மேலே இருக்கும் பளிங்கைவிட அதுதான் மனதில் நிற்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, பை. டெர்மினியில் பாஸ்போர்ட்டை முதுகுப்பையில் போடாதே, சட்டைக்குள் வை. இங்கே திருட்டு புதிதில்லை. குளிக்கப் போனவர்களின் துணியைத் திருடுகிறவர்களுக்கென்றே ரோமானியச் சட்டத்தில் தனித் தலைப்பு உண்டு. துணியைக் காசு வாங்கிக் காவல் காக்கும் ஆளே சுருட்டிக்கொண்டு போனதும் உண்டு. எனக்கு முதல் வாரமே பர்ஸ் போனது, 64ஆம் நம்பர் பஸ்ஸில்.

இருபது வருடம் இங்கே இருந்தும் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போகாத நம்மவர்கள் நிறையப் பேர். ஊருக்குப் போனால் மட்டும் ரோமைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையை அறைக்குள்ளேயே கழிக்காதே. நான் அந்த ஞாயிறுக்கு அப்புறம்தான் இத்தாலியன் படிக்க ஆரம்பித்தேன், தூணில் கை வைத்துப் பார்த்த என்னிடம் அங்கிருந்த ஒரு வயதான அம்மா என்னவோ நிறையச் சொன்னார், ஒரு வார்த்தையும் புரியாமல் தலையாட்டினேன். இப்போது என் மகளுக்கு அதே தூணைக் காட்டி அவள் மொழியிலேயே கதை சொல்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். குளியல் மாளிகையின் மீதிப் பகுதிக்கு அன்றைக்குப் போ, சர்ச்சுக்கு என்றுமே டிக்கெட் இல்லை. அதற்கு முன் அந்த வீட்டுக்காரரிடம் பாய்லர் எத்தனை லிட்டர், ராத்திரி அணைப்பாரா என்று கேட்டு எனக்கு எழுது.