வீட்டு வாடகைக்கு வரி கழியுமா? – கேள்வி பதில்

கல்லடி, வங்கி ஊழியர்: அண்ணன், சம்பளம் ரெண்டு லட்சம். வீட்டு வாடகை 35,000. வரியில கழிக்கலாமா?

ஏலாது தம்பி. சம்பளக்காரர் தான் குடியிருக்கிற வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கு நமது இலங்கையின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் கழிவு இல்லை. எல்லோருக்கும் பொதுவான விடுவிப்புத்தான் இருக்கு. 2025 ஏப்ரலிலிருந்து அது வருசத்துக்கு 18 லட்சம். உங்களுக்கு வருசம் 24 லட்சம். மிச்சம் 6 லட்சத்துக்கு 6 வீதம், அதாவது 36,000. மாசம் 3,000 சம்பளத்தில் வெட்டுவார்கள். வாடகை எவ்வளவு என்றாலும் இதே கணக்குத்தான்.

சம்மாந்துறை: யூடியூபில எச்.ஆர்.ஏ. கழிக்கலாம் என்று சொல்றாங்களே?

அது இந்தியா. அங்கே சம்பளத்தோடு வாடகைப்படி (அதுதான் எச்.ஆர்.ஏ.) வாங்குகிறவர், பழைய வரி முறையில் இருந்தால், அதில் ஒரு பகுதிக்கு வரி கட்டத் தேவையில்லை. தமிழில் பேசுகிறார்கள் என்பதற்காக அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

ஏறாவூர்: வீட்டை 60,000க்கு வாடகைக்குக் கொடுத்திருக்கன். எனக்கு?

சலுகை உங்களுக்குத்தான் காக்கா. வருசம் 7,20,000. திருத்த வேலைக்கென்று அதில் 25 வீதம், 1,80,000 கழியும். ஆனால் கூரை மாற்றிய செலவைத் தனியாகவும் கழிக்க முடியாது. வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது.

கல்முனை, ஆசிரியை: சம்பளம் 1,20,000. வாடகை வீட்டின் முன் ஹோலில் ரியூசன், மாசம் 60,000 வரும். வாடகை 30,000.

இதுதான் நல்ல கேள்வி தங்கச்சி. ஹோல் உழைக்கிற இடம், அதன் பங்கு ரியூசன் செலவு. வீட்டில் மூன்றில் ஒன்று என்றால் வருசம் 1,20,000. ரியூசனில் மிஞ்சுவது 6,00,000, சம்பளம் 14,40,000, மொத்தம் 20,40,000. 18 லட்சம் போக 2,40,000க்கு 6 வீதம், 14,400 ரூபா.

கல்முனை, இன்னொருவர்: முழு வாடகையையும் போட்டா வரி பூச்சியம்! என்ட மச்சான் போட்டார்.

மொத்தம் சரியாக 18 லட்சத்தில் வந்து நிற்கும்தான். ஆனால் குசினியிலும் படுக்கையறையிலும் யாருக்குப் பாடம் நடக்குது?

அதே ஆள்: ஆர் வந்து பார்க்கப் போறாங்க?

பார்க்காவிட்டாலும் கையெழுத்துப் போடுவது தங்கச்சி, மச்சான் இல்லை. 14,400க்காகப் பொய்யான வரி விபரத்திரட்டில் கையெழுத்து வைக்காதீங்க. ஹோலை அளந்து எழுதி வைங்க.

காத்தான்குடி, துணிக்கடை: கடை வாடகை?

முழுதும் செலவு. ஆனால் பற்றுச்சீட்டு எங்கே? போன மாசம் ஒருவர் சீ.ஆர். கொப்பிக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஈரத்தில் மை ஊறி, ஐம்பதாயிரமா எண்பதாயிரமா என்று அவருக்கே தெரியவில்லை. வாடகையைக் கையில் கொடுக்காமல் பேங்கில் போடுங்கள்.

அக்கரைப்பற்று: சேர், எனக்கும் சம்பளம்தான், வாடகை கழிக்கலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

வந்தாறுமூலை: இந்திய வீடியோவில…

இரண்டாவது பதில்.

கல்முனை, ஆசிரியை: அண்ணன், அளந்துட்டன். மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. விபரத்திரட்டை எப்ப அனுப்பணும்?

குறைந்ததையே போடுங்க. மார்ச் 31இல் முடியிற வருசத்துக்கு நவம்பர் 30க்குள். டின் நம்பர், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், இல்லையென்றால் முதலில் அதை எடுங்க.