குழந்தையின் கழுத்தில் கட்டி: ஸ்கேன் எதைச் சொல்லும்?

கேள்வி: ஒன்றரை மாதக் குழந்தை. தலை வலப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது, முகவாய் இடப்பக்கம் திரும்புகிறது. கழுத்தின் வலப்பக்கம் கெட்டியாக ஓர் உருண்டை. அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பானதா? அதில் என்ன தெரியும்?

பதில்: தயங்காமல் எடுங்கள். இதில் கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். பாலூட்டிய பிறகு குழந்தை அமைதியாக இருக்கும்போது எடுப்பது நல்லது.

காதின் பின்புற எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசையைத்தான் பார்ப்பார்கள். தோள்களுக்குக் கீழே சிறு துணிமடிப்பு வைத்து, பார்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் தலையைத் திருப்பி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் படமெடுப்பார்கள். இரு பக்கமும் எடுத்தே ஆக வேண்டும். மறுபக்கத் தசைதான் அளவுகோல். கருவியை அழுத்தினால் தசை மெலிந்து தெரியும், சாய்த்து வெட்டினால் தடித்துத் தெரியும். அளவு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கட்டி தசைக்குள்ளேயே, நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்த வடிவில், தசையோடு சேர்ந்து அசைந்தால் அது பிறவிக் கழுத்துச் சுளிவு, அதாவது இந்தத் தசை இறுகித் தலை சாய்ந்திருக்கும் நிலை. பெரும்பாலும் சில மாதங்களில் கரையும். ஆனாலும் நீட்டும் பயிற்சியை இப்போதே பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுத் தொடங்குங்கள். தசை நெடுகப் பளிச்சென்ற நார்த்திசு தெரிந்தால் சிகிச்சை நீளலாம். கட்டி தசைக்கு வெளியே இருந்தால் நிணநீர்க் கணு, நீர்க்கட்டி போன்றவற்றை ஆராய வேண்டும். தசை இயல்பாக இருந்தும் சாய்வு நீடித்தால் கண்ணையும் கழுத்துப் பகுதி முதுகெலும்பையும் பரிசோதிப்பார்கள்.

இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இக்குழந்தைகள் சிலருக்கு அதிலும் பிறவிக் குறை இருக்கும்.