ஏஐ கோடிங் கருவிகள் வந்த பிறகு யாருக்கு மதிப்பு அதிகம், சீனியர் புரோகிராமருக்கா ஜூனியருக்கா?

கும்பகோணத்தில் எட்டுப் பேர் இருக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நெல் அரவை மில்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்கிறோம். பதினான்கு வருடமாகக் கோடு எழுதுகிறேன், எனவே சீனியர் கட்சிதான். ஆனால் போன தை அறுவடையில் என் மானம் போன கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மில். அங்கே சிக்னல் வரும், போகும். நெல் எடை பதிவாகும் ஸ்கிரீனை வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஒரு பெண் ஏஐ வைத்து அரை நாளில் முடித்துவிட்டார். நெட் விட்டுப்போனால் தானாக மறுபடி அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. நான் படித்துப் பார்த்து ஓகே சொன்னேன். முன்பெல்லாம் ஜூனியர் எழுதிய கோடைப் பார்த்தாலே சந்தேகம் வரும், வரி வரியாகத் துருவுவோம். இப்போது தப்பும் சுத்தமாக உடுத்திக்கொண்டு வருகிறது. கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நான் கவனிக்காத தப்பு இதுதான்: சர்வரில், அதாவது எல்லாப் பதிவும் போய்ச் சேரும் கம்ப்யூட்டரில், எடை பதிவாகிவிடும், 'பதிவானது' என்ற பதில் மில்லுக்குத் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடும். உடனே அதே எடை இன்னொரு தடவை போகும். ஒரு லோடு இரண்டு லோடாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்தப் பெண்தான். அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரே டிராக்டர், ஒரே எடை, ஒரே நிமிஷம். இறக்கவே அரை மணி ஆகுமே சார்?" என்றார். அவர் வீட்டிலும் சம்பா சாகுபடி உண்டு. பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்பே பிடித்துவிட்டோம்.

ஆனால் என்ன செய்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஏஐ கொடுத்த தீர்வு, ஒரே எடை அடுத்தடுத்து வந்தால் ஒன்றை அழித்துவிடுவது. இரண்டு வண்டி நிஜமாகவே ஒரே எடையில் வந்தால்? நான் முன்பு ஒரு பில்லிங் வேலையில் சூடுபட்டவன். ஒவ்வொரு எடைக்கும் மில் கம்ப்யூட்டரிலேயே ஒரு தனி எண் போட்டு அனுப்ப வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஏற்கக் கூடாது. இதைச் சொன்னதும் ஏஐ பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆக, இன்றைய தேதிக்கு சீனியருக்குத்தான் மதிப்பு கூடுதல். ஆனால் வேகம் கூடுகிறது என்ற பெருமையை நம்பாதீர்கள். மீட்டர் (METR) என்ற அமெரிக்க ஆய்வுக் குழு, அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை அவர்களுக்குப் பழகிய கோடிலேயே சோதித்து, 2025 ஜூலையில் முடிவை வெளியிட்டது. ஏஐ இருந்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள்!

"ஜூனியரே வேண்டாம்" என்ற முதலாளிகளின் கணக்கும் எனக்குப் புரியவில்லை. நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டது யாரோ எனக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததால்தான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோடானாலும், "இந்த வரியில் கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்பதற்கு எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். நேற்று அந்தப் பெண் என் கோடைக் காட்டி என்னையே கேட்டார். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.